நிபுணரின் பாத அளவு

என் இடத்தை மாமா தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்தது ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில். மாமா என்றால் அக்காவின் கணவர். அவர்கள் வீட்டில்தான் இரண்டு வருடமாக இருக்கிறேன். அக்காவின் இரண்டு பெண்களோடு பனிச்சறுக்குக்குப் போகும் முதல் பயணம் அது. எட்டு மாதமாகத் திட்டம் போட்டவள் நான். ரயில், மலையடிவாரத்தில் ஐந்து கட்டில் உள்ள மரவீடு, யாருக்கு எத்தனை கம்பளிக் காலுறை என்பது வரை என் நீலக் கோப்பில் இருந்தது. ஐந்தாவது கட்டில் எனக்கு. கையுறைகூட வாங்கிவிட்டேன்.

"தம்பி வரேங்கிறான். உனக்குத்தான் அந்த வாரம் மாலை வகுப்பு இருக்குமே," என்றார் மாமா, மென்றுகொண்டே.

"லீவு சொல்லிட்டேன் மாமா."

"கண்ணாடி தொடைக்கிறதுக்கு எதுக்கும்மா வகுப்பெல்லாம்? சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம். அந்தச் சறுக்குப் பலகை, காலணியெல்லாம் வாடகைக்குத் தர்ற கடையோட ஃபாரத்தை மட்டும் நீயே முடிச்சிடு. அதெல்லாம் உனக்குத்தான் வரும்."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் முகங்களை அளக்கிறேன். மாலையில் கண் பரிசோதனை படிக்கிறேன். துடைப்பது வேறு ஆள். அன்று எனக்குள் வந்தது வன்மம். வேறு கொஞ்சம் கௌரவமான சொல் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

புதன்கிழமை அளவெடுத்தேன். பெரியவளையும் வாலுவையும் கதவில் சாய்த்து நிறுத்தி உயரம் குறித்தேன். வாலு எங்கள் சின்னது, ஆறு வயது. பிறகு ஒவ்வொருவர் பாதத்தையும் காகிதத்தில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். மாமாவுக்குக் கூசியது. நெளிந்தார்.

"அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு மாமா. முதல் தடவை, ஓரளவு, நிபுணர். எது?"

"இதென்ன கேள்வி? நிபுணர்னு போடு. காலேஜ் காலத்துல நான் ஏறாத மலையா, சறுக்காத சரிவா!"

அடுக்களையில் அக்காவுக்குப் புரையேறியது. பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "ஒரே ஒரு ஃபோட்டோடி. இரவல் கோட்டு. பின்னாடி ரெண்டு பேரு பிடிச்சிட்டு நின்னாங்களாம்."

இருந்தாலும் அவர் சொன்னபடியே நிபுணர் என்று எழுதினேன்.

வியாழக்கிழமை ஒரு சந்தேகம் கேட்க வாடகைக் கடைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி பொறுமைசாலி. "காலணியைச் சறுக்குப் பலகையோட ஒரு கவ்வி பிடிச்சிருக்கும்மா. விழுந்தா அது பட்டுனு விட்டுடணும். புதுசா வர்றவங்களுக்குத் தளர்வா வைப்போம். நிபுணர்னா இறுக்கிடுவோம். பொய் சொல்லிட்டு வர்றவங்க காலை ஒடிச்சிட்டுத்தான் போவாங்க."

அன்று மாலை வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கோப்பைத் திறந்து மாமாவின் பாதப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்று யாரிடமும் சத்தியம் செய்யலாம். நான் இவ்வளவு கெட்டவளா என்று கேட்டுக்கொண்டேன். இருக்கலாம் என்றுதான் தோன்றியது. வீடு வரும்வரை அந்த நினைப்பு வெல்லம் மாதிரி இனித்தது.

வாசலிலேயே வாலு ஒரு படத்தை நீட்டினாள். வெள்ளை மலை. உச்சியில் மாமா. அவர் தோளில் இரட்டைப் பின்னலோடு ஒரு பொம்மை.

"இது யாரு?"

"நான்தான் சித்தி! அப்பா என்னைத் தோள்ல வச்சிட்டு உச்சியிலேருந்து சொய்ங்னு இறங்குவாராம். சத்தியம் பண்ணியிருக்காரு."

இனிப்பு போய்விட்டது. வன்மம் போகவில்லை. அதற்கு வேறு வழி பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, அதே மேசை. மாமாவின் தம்பியும் வந்திருந்தார். எல்லாரும் உட்காரும்வரை காத்திருந்து ஃபாரத்தை உரக்கப் படித்தேன். நிபுணர் என்ற இடம் வந்ததும் தம்பி நிமிர்ந்தார்.

"அண்ணே, நீயா? நீ எஸ்கலேட்டர்லயே கண்ணை மூடிக்குவியே!"

"சும்மா இருடா."

நான் கவ்வியைப் பற்றி நிதானமாக விளக்கினேன். "நிபுணர்னு போட்டா விழறப்ப கவ்வி விடாதாம் மாமா. எலும்புதான் விடுமாம். உங்க தோள்ல வாலு வேற இருப்பா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க. என்னன்னு போடணும்?"

மாமா தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். "மு... முதல் தடவைன்னே போட்டுடு."

"சரியா கேக்கல மாமா." கேட்டிருந்தது.

"முதல் தடவை!"

"அப்பா, அப்ப நீங்களும் எங்க வகுப்பா?" என்று வாலு துள்ளினாள்.

"ஆமாடி கண்ணு," என்று நானே பதில் சொன்னேன். "குடும்பமா முதல் தடவை வர்றவங்களுக்கு ஒரே வகுப்பு. எல்லாருக்கும் மஞ்சள் மேல்சட்டை. கயித்தைப் பிடிச்சிட்டு வரிசையா நடக்கணும். அப்பா உனக்குப் பின்னாடி."

தம்பி சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. மாமாவின் காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பை நான் அவசரமில்லாமல் பார்த்தேன்.

"நீயும் வேணா வாயேன்," என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி. "தரையில படுத்துக்கலாம்."

"பரவால்ல மாமா. கண்ணாடி தொடைக்கணும்."

கையுறையைப் பெரியவளுக்குக் கொடுத்தேன். கொஞ்சம் பெரிது, ஆனாலும் போதும். ஃபாரத்தில் நிபுணர் என்றிருந்ததை அழித்து, சொன்னபடி எழுதினேன். கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது: யாராவது விழுந்தால் முதலில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? அதில் என் போன் எண்ணை எழுதி, ஒவ்வொரு இலக்கமாக இரண்டு முறை சரிபார்த்தேன்.