சிவக்காத காயம்

தங்கை கொடுத்த சிறுநீரகம் தச்சருக்கு ஒத்துக்கொண்டது. உடம்பு அதை வெளியாளாக நினைத்துத் தாக்காமலிருக்க, பக்கத்திலேயே தெளிந்த ஜெல் ஒன்றை ஊசியால் செலுத்தியிருந்தார்கள். அதிலிருந்து கசியும் மருந்து, அந்த இடத்தில் மட்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும். புதுச் சிகிச்சை. மாத்திரைத் தொல்லை விட்டதென்று தச்சர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நான்காம் மாதம் பட்டறையில் உளி வழுக்கி இடது உள்ளங்கையில் இறங்கியது. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்த மனைவி, கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். சிவப்பில்லை. வீக்கமில்லை. வெட்டுவாய் மட்டும் அப்போதுதான் பட்டதுபோலத் திறந்தே கிடந்தது.

"வலிக்குதாங்க?"

"பெருசா இல்ல. சீழ் வச்சாதான் உனக்குத் திருப்தியா?"

"ஆறவும் இல்லையே. எனக்கென்னவோ சரியாப் படல."

அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். தங்கை வந்து கையை முகர்ந்து பார்த்தாள். "அண்ணே, சட்டையப் போடு. கிளம்பு."

மருத்துவமனையில் டாக்டர் காயத்தின் ஓரத்தை அழுத்தினார். சாம்பல் நிறத்தில் நீர் வழிந்தது. காய்ச்சல் துளியுமில்லை. ரத்தப் பரிசோதனை முடிவையும் எக்ஸ்ரேவையும் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"மருந்து அந்த இடத்தோட நிக்கல. உடம்பு பூராப் பரவியிருக்கு. எலும்பு வரைக்கும் கிருமி. உடம்பு அதைக் கண்டுக்கவே இல்ல. ஜெல்லை எடுத்தாகணும்."

"எடுத்தா, கிட்னி?" என்றாள் தங்கை.

"மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். உறுதி சொல்ல முடியாது."

பிறகு நர்ஸிடம் திரும்பினார். "இதே ஜெல் வச்ச மத்தப் பத்துப் பேரையும் போன்ல கூப்பிட்டு விசாரிங்க."

அரைமணி நேரத்தில் நர்ஸ் சிரித்த முகத்தோடு வந்தாள். "எல்லாரும் நல்லா இருக்காங்க சார். இத்தனை மாசத்துல ஒருத்தருக்கும் ஜலதோஷம்கூட வரலையாம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அவங்க உடம்பும் எதையும் கண்டுக்கலையோ என்னவோ. எல்லாரையும் இன்னைக்கே வரச் சொல்லுங்க."

ஜெல்லை எடுத்த மூன்றாம் நாள் தச்சருக்குக் காய்ச்சல் கொதித்தது. கை முழங்கை வரை சிவந்து வீங்கியது. வலியில் அவர் கத்த, மனைவி நிம்மதியில் அழுதாள். இரண்டு விரல்கள் போயின, கை தப்பியது.

அடுத்த வாரம் சிறுநீர் குறைந்தது. பிறகு நின்றது. விழித்துக்கொண்ட உடம்பு தங்கையின் சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை. தச்சர் மறுபடி டயாலிசிஸ் படுக்கைக்கு வந்தார்.

"நீ கொடுத்ததை வீணாக்கிட்டேன்மா."

"உளறாதண்ணே," என்றாள் தங்கை. அவள் பார்வை எதிர்க் கட்டிலில் இருந்தது. அங்கே, ஜெல்லை எடுக்க நாள் குறித்திருந்த ஒரு பெண்ணின் காலில் நர்ஸ் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். வலிக்கவே இல்லை என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.