வேடியப்பனின் இரண்டு பிள்ளைகள்

வேடியப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிற விஷயம் அவன் பெண்டாட்டி சந்திரலேகாவுக்குத் தெரிந்தது, அவள் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது. சொன்னவள் எதிர்வீட்டுச் செல்லியம்மாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்பது ஏமப்பேர் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். அப்படியிருக்க, இரண்டு பிள்ளைகள்.

"பெரியவன் யூகேஜியாம். சின்னது பொண்ணாம், இன்னும் பேச்சு வரலயாம்" என்றாள் செல்லியம்மாள். உள்ளே கூப்பிட்டாலும் வருவாள், கூப்பிடாவிட்டாலும் வருவாள். ஒரு கால் ஏற்கெனவே வாசற்படியைத் தாண்டியிருந்தது.

"யாருக்குக்கா?"

"உன் வூட்டுக்காரனுக்குத்தான். நானா சொல்றேன்? நேத்து டாக்டராண்ட அவன் வாயாலயே சொல்லிக்கினு இருந்தான். நான் பின்னாடி பெஞ்சுல இருமிக்கினு உக்காந்திருந்தேன். இந்தக் காதால கேட்டேன்டி."

தோசை கருகியது. சந்திரலேகா அதைத் திருப்பவில்லை.

பெஞ்சு என்றால் டாக்டர் தெய்வசிகாமணியின் அறைக்குள்ளேயே கிடக்கிற பெஞ்சு. கள்ளக்குறிச்சியில் அவருக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஒருவர் எழுந்துபோய் இன்னொருவர் வருவதற்குள் நேரம் வீணாகிறதென்று, அடுத்து வரவேண்டியவர்களை உள்ளேயே வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். வைத்தியம் பார்த்துக்கொள்கிறவன் ஸ்டூலில் டாக்டரைப் பார்த்து உட்காருவான். பெஞ்சு அவன் முதுகைப் பார்த்து உட்காரும். யாருக்கு மூலம், யாருக்கு அரிப்பு என்பதெல்லாம் பெஞ்சுக்குத் தெரியாமல் போனதே இல்லை. செல்லியம்மாளுக்கு இருமல் வந்தால் மாத்திரையைவிட அந்தப் பெஞ்சுதான் சீக்கிரம் குணமாக்கும்.

வேடியப்பன் அங்கே போய் ஊசி போட்டுக்கொள்வது சந்திரலேகாவுக்குத் தெரிந்ததுதான். அவனை இழுத்துக்கொண்டு போனதே அவள்தான். கல்வராயன் மலைக்கு மினி லாரி ஓட்டி, புளியும் கடுக்காயும் மரவள்ளியும் இறக்கிக்கொண்டு வருகிறவன், போன வருஷம் திடீரென்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சவரம் இல்லை, சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. லாரியின் மேல் வேப்பிலை உதிர்ந்து மெத்தை போட்டிருந்தது. ஒருநாள் சுவரிடம் சொல்வதுபோல, "நான் போய்ட்டா நீ வேற ஒருத்தனக் கட்டிக்கினு புள்ள பெத்துக்குவ" என்றான். அன்றைக்கே அவள் ஆட்டோ பிடித்தாள். டாக்டர் இரண்டு நாள் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஆண் ஹார்மோன் ரொம்பக் கம்மி, அதனால்தான் உடம்போடு மனசும் சோர்ந்துகிடக்கிறது என்று மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி எழுதினார். அப்போது சந்திரலேகா கீழே மருந்துக் கடையில் நின்றிருந்தாள். மேலே அறையில் என்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

ஊசி கேட்டது. இரண்டு மாதத்தில் வேடியப்பன் எழுந்து லாரியைக் கழுவினான். அடுத்த மாதம் லோடுக்காரனோடு சண்டையே போட்டான். சண்டைச் சத்தம் கேட்டு சந்திரலேகா சந்தோஷத்தில் அழுதது தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. தெரு அதற்கு 'தெம்பு ஊசி' என்று பேர் வைத்தது. இவ்வளவு தெம்பு வந்தபிறகு குழந்தை வராமலா போகும் என்று தெருவும் நினைத்தது, அவளும் நினைத்தாள். பெண் டாக்டரிடம் காட்டி, அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். மாதாமாதம் காத்திருந்ததுதான் மிச்சம்.

இப்போது தெரிந்துவிட்டது தெம்பெல்லாம் எங்கே போகிறதென்று!

மத்தியானத்துக்குள் தெரு மலையில் அவனுக்கு ஒருத்தியை வைத்து, அந்த மலைக்காரிக்கு நல்ல நிறமும், முழங்கால் வரை முடியும், இரண்டு ஏக்கர் சாமைக் காடும் கொடுத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை வெள்ளிமலைக்குப் போகிறவன் கடுக்காய்க்கா போவான்?

மறுநாள் விடிந்ததும் சந்திரலேகா லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா, மலைக்கா வர?" வேடியப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "முன்னாடியே சொல்லியிருந்தா சீட்டுக்கு டவலு போட்டு வெச்சிருப்பேனே." திருட்டு முழி முழிக்காமல் இப்படிச் சிரிக்கிறானே என்று அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைவுகளில் ஏற ஏற, அவன் பாட்டு வேறு முணுமுணுத்தான்.

வெள்ளிமலையில் லாரி நின்றதுதான் தாமதம், "மாமா! மாமா!" என்று இரண்டு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். வேடியப்பன் டேஷ்போர்டிலிருந்து இரண்டு பன்னை எடுத்துக் கொடுத்து, பெண்ணைத் தூக்கி பானட்டின் மேல் உட்கார வைத்தான். சந்திரலேகா பையனின் காதைப் பார்த்தாள். வேடியப்பனின் காதைப் பார்த்தாள். அதே விரிந்த காது, அதே மடிப்பு. மாமா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், கள்ளன்!

அந்த நேரத்தில் முதுகில் புளி மூட்டையோடு வந்து நின்றான் மாதன். பையன் "அப்பா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டான், பானட்டின் மேலிருந்து பெண்ணும் "அப்பா" என்று கை நீட்டினாள். மாதனுக்கு முறம் போல இரண்டு காது. பையனுடையது அதன் குட்டி.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. சந்தையில் ஜோடியாகப் போன பிள்ளைகளையெல்லாம் ஒரு நோட்டம் விட்டாள். பார்த்த பிள்ளையெல்லாம் புருஷன் ஜாடையாகவே தெரிந்தது. இறங்கும்போது மூன்றாவது வளைவில் பொறுமை அறுந்தது.

"யோவ், வண்டிய நிறுத்துயா."

நிறுத்தினான்.

"உன் பெரியவன் எந்த ஸ்கூல்ல யூகேஜி படிக்கிறான்?"

வேடியப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. "யாரு சொன்னா?"

"பெஞ்சு சொல்லுச்சு."

அவன் என்ஜினை அணைத்தான். "எனக்கு ஏது சந்திரா புள்ள? ஊசி எழுதறப்ப டாக்டரு கேட்டாரு, புள்ளைங்க இருக்கா, இனிமே பெத்துக்கற எண்ணம் இருக்கான்னு. எனக்கு முன்னாடி ஸ்டூலுல இருந்தவனையும் இதேதான் கேட்டாரு, அவன் புள்ள இல்லன்னு சொன்னான். பெஞ்சுல ஒருத்தன் உச்சு கொட்டினான். இன்னொருத்தன் சிரிச்சான். அந்தச் சிரிப்பு என் முதுகுல பட்ட மாரி இருந்துச்சு. ரெண்டு இருக்கு சார், போதும்னுட்டேன்."

"அப்புறம் யூகேஜி?"

"போறப்பலாம் பசங்க எப்டி இருக்காங்கன்னு கேக்கறாரு. ஒரு வருசமா அதே வயசுலயே வெச்சிருக்க முடியுமா? வளத்துத்தான ஆவணும்?"

சந்திரலேகாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். மலைக்காரி போனாள், சாமைக் காடும் போனது. ஆனால் கீழே இறங்குவதற்குள் வேறு ஒன்று அவளை அரித்தது.

"ஏங்க, மனசு சரியில்லன்னு போனவனாண்ட புள்ள பெத்துக்கற எண்ணம் இருக்கான்னு அவரு ஏன் கேட்டாரு?"

வேடியப்பன் அதை யோசித்ததே இல்லை.

அடுத்த ஊசிக்கு அவளும் போனாள். பெஞ்சில் செல்லியம்மாள் முன்கூட்டியே இடம்பிடித்திருந்தாள். இருமல் திரும்பிவிட்டதாம்.

"பசங்க எப்படி இருக்காங்க?" என்றார் டாக்டர்.

"எங்களுக்குப் புள்ள இல்ல சார்" என்றாள் சந்திரலேகா. "அதுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம். இந்த ஊசி போட்டா சீக்கிரம் நிக்குமா சார்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வேடியப்பனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ரெண்டு இருக்கு, போதும்னு சொன்னாரேம்மா. அதனாலதான எழுதினேன்!" "இந்த ஊசி போட்டுக்கற வரைக்கும் கரு நிக்கறது ரொம்பக் கஷ்டம். மூங்கில்துறைப்பட்டு கரும்பாலைக்கு வெளியிலேர்ந்து சர்க்கரை மூட்டை வந்து எறங்கிக்கிட்டே இருந்தா, அவன் அரவைய நிறுத்திடுவானா இல்லயா? உடம்பும் அப்படித்தான். ஹார்மோனு வெளியிலேர்ந்து வந்துச்சுன்னா, உள்ள விந்தணு உண்டாக்கற வேலைய அதுவே நிறுத்திடும்."

செல்லியம்மாள்கூட இருமவில்லை.

பத்து மாதம். மாதாமாதம் அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே சோறு போட்டு, அவளே சட்டை எடுத்துக் கொடுத்து, தவறாமல் போய்வா என்று அனுப்பி வைத்த ஊசி.

"நிறுத்தினா திரும்பி வருமா சார்?" என்றாள் சந்திரலேகா.

"முக்கால்வாசிப் பேருக்கு வந்துடும். ஆறு மாசமாவலாம், ஒரு வருசத்துக்கு மேலயும் ஆவலாம். அரவைய எழுப்பிவிட வேற மருந்து இருக்கு, டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுக் குடுக்கலாம். ஆனா நிறுத்தின கொஞ்ச நாளைக்குப் பழைய சோர்வு வரும். அதுக்கு மனநல டாக்டரையும் சேத்துப் பாக்கணும்."

"நிறுத்திடலாம் சார்" என்றான் வேடியப்பன்.

"வேணாம் சார்" என்றாள் சந்திரலேகா. "யோவ், நீ செவுத்தப் பாத்துக்கினு படுத்தது மறந்துபோச்சா? எனக்கு மறக்கல. புள்ள கெடக்குது. நீ எழுந்து நடமாடுனா போதும்."

"அது எப்டிம்மா?" என்றார் பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர். "புள்ளதான் முக்கியம்."

"ஆளு இருந்தாதானய்யா புள்ள?" என்று பாய்ந்தாள் பக்கத்திலிருந்தவள். பெஞ்சு இரண்டு கட்சியாகி, டாக்டரை மறந்து வழக்காடியது.

வேடியப்பன் ஸ்டூலோடு திரும்பினான். அந்த அறையில் ஒருவரும் அப்படித் திரும்பி உட்கார்ந்ததில்லை. எல்லாருடைய வாயும் மூடிக்கொண்டது.

"எனக்கு மனசு சரியில்லாம போச்சுங்க" என்றான் பெஞ்சைப் பார்த்து. "செத்துடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் ஊசி. புள்ளைங்க இல்ல, பொய் சொன்னேன். இன்னும் எதுனா தெரியணுமா?"

யாருக்கும் எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை. பெரியவர் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் சந்திரலேகா பக்கம் திரும்பினான். "மறுபடியும் படுத்தேன்னா உன்னாண்ட சொல்லிட்டுப் படுக்கறேன். செவுத்தாண்ட சொல்ல மாட்டேன். அந்த மனசு டாக்டராண்டயும் போவலாம். நீயும் வா."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். பிறகு டாக்டரிடம், "டெஸ்டும் அந்த டாக்டரு பேரும் எழுதுங்க சார்" என்றாள். நர்ஸ் தயாராக எடுத்து வைத்திருந்த ஊசி மருந்தைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது பெஞ்சின் கோடியில் ஒரு சத்தம். புதுச் சட்டை போட்ட பையன், கழுத்தில் கல்யாணச் செயின் இன்னும் மினுமினுக்கிறது, எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"சார்... நானும் அந்த ஊசிதான் போட்டுக்கறேன்" என்றான். "எனக்கு மூணு புள்ளன்னு சொன்னேன் சார்."

டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சந்திரலேகா வேடியப்பனை எழுப்பிவிட்டு ஸ்டூலை அந்தப் பையன் பக்கம் தள்ளினாள். "வா தம்பி, வந்து உக்காரு." பிறகு பெஞ்சைப் பார்த்தாள். "எல்லாரும் வெளிய வாங்க. அந்தத் தம்பி தனியாப் பேசட்டும்."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். செல்லியம்மாள் மட்டும் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினாள். சந்திரலேகா அவள் முழங்கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினாள்.

"வாக்கா. வெளிய காத்து நல்லா வருது."