தைத்து மூடிய பை

விடியுமுன்பே எங்கள் சலவைக்கூடம் கொதிக்க ஆரம்பித்துவிடும். மெம்பிஸ் ஆஸ்பத்திரிகளின் அழுக்கெல்லாம் இங்கேதான் வந்து இறங்கும்: ரத்தம் காய்ந்த விரிப்பு, வாந்தி பட்ட போர்வை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு. ஈரத்துணி சுமந்தால் தோள் இறங்கும். சூட்டு உருளையில் விரிப்பை ஊட்டினால் விரல் நுனி வேகும். ஆவியில் பக்கத்தில் நிற்பவளின் முகம் தெரியாது. பேச்சு மட்டும் கேட்கும். எனக்கு அது போதும்.

எங்கள் வேலைச் சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். போலீஸ் பதிவு இல்லாதவளுக்கு இரண்டு பை. பதிவு உள்ளவளுக்கோ பையின் வாயைத் தைத்து மூடியிருக்கும். டாக்டர் கோட்டில் மறந்துபோன மோதிரம் அதற்குள் போய்விடுமாம்; முதலாளி ஹஸ்கின்ஸின் ஏற்பாடு. வேறெங்கும் வேலை கிடைக்காது என்று தெரிந்தே அவர்களை எடுப்பார். கூலியையும் குறைத்தே கொடுப்பார். எனக்கு இரண்டு பை. இரண்டிலும் பெப்பர்மின்ட் மிட்டாய். கொஞ்சம் கர்வம்தான்.

லுவர்னுக்குத் தைத்த பை. சின்ன வயதில் திருடினாள். குழந்தைக்குப் பால்மாவு என்று எழுதினால் உங்களுக்குக் கண் கலங்கும். உண்மையில் அது ஒரு டோப்பா. சுருட்டை முடி டோப்பா. நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவள் ஒரு குண்டூசி எடுத்ததில்லை, அதையும் விசாரித்துவிட்டேன்.

அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் வைக்கப் பை இல்லை. அது வெளியே லாக்கரில் கிடக்கும். போன மாதம் மூச்சு முட்டி உருளைப் பக்கம் சாய்ந்தாள். நாங்கள் லாக்கருக்கு ஓடித் திரும்புவதற்குள் உதடு சாம்பலாகி, முழங்கைத் தோல் வெந்து உரிந்திருந்தது.

போன வாரம் நீதிமன்றம் அவளுடைய பழைய குற்றப்பதிவை அழித்துவிட்டது. சட்டப்படி அது நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. ஞாயிறன்று தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். திங்கள் விடியலில், கையில் இன்ஹேலரோடு, முதலாளி முன் போய் நின்றாள்.

"சார், என் பையப் பிரிச்சுவிடச் சொல்லுங்க. கோர்ட்டு அழிச்சிருச்சு."

"கோர்ட்டுக்கு ஞாபக மறதி. எனக்கு இல்ல. வேலையப் பாரு, டோப்பாக்காரி."

"மூச்சு மருந்து வைக்கத்தான் சார். அன்னைக்குச் செத்துப் பொழச்சேன்."

"அப்ப வெளிய போய் மூச்சு விடு. உன்ன மாதிரி எத்தனையோ பேரு வாசல்ல நிக்கிறாளுங்க."

கூடத்தில் யாரோ காறித் துப்பினார்கள். கிழிசல் தைக்கும் மேசையிலிருந்து ஒடெஸ்ஸா எழுந்தாள். முதலாளி சொல்லி அத்தனை பைகளையும் மூடித் தைத்தவள் அவள்தான். ஊசியைத் தவிர யாரோடும் பேசாதவள். கத்தரியோடு வந்தாள். லுவர்னின் பை வாயை நறுக்கென்று பிரித்துவிட்டாள்.

"ஏய்! அப்ப மத்தவளுங்களுக்கும் பிரிச்சு விடுவியோ?"

"நீங்க சொன்னாப் பிரிக்கிறேன் சார். சொல்ற வரைக்கும் எனக்கு வேற வேலை இருக்கு."

பதிவே இல்லாத ஒடெஸ்ஸா தன் பைகளைத் தானே தைத்துக்கொண்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். "அடுத்து யாருடீ?"

உருளை நின்றது. திறந்த பை உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என் முறையில் நான் தயங்கினேன்.

"என்ன எர்லீன் அக்கா, மிட்டாய்க்கு எடம் தேடுறியா?" என்றாள் லுவர்ன்.

"சும்மா கெட. எடம் இருக்கு."

அத்தனை மிட்டாயையும் வாயில் அடக்கிக்கொண்டு சட்டையை நீட்டினேன். அதன்பிறகு நான் பேசவே இல்லை என்பதைத்தான் எங்கள் தெருவில் அதிசயமாகச் சொல்கிறார்கள்.

"எவ திருடி, எவ யோக்கியம்னு இப்பக் கண்டுபிடிங்க சார்," என்றாள் ஒடெஸ்ஸா. "எல்லாப் பையும் தொறக்கணும். எல்லாருக்கும் ஒரே கூலி. அதுவரைக்கும் துணி ஈரமாவே கெடக்கட்டும்."

"போலீசக் கூப்பிடுறேன்! ஒவ்வொருத்தி மேலயும் பதிவு ஏறும்!"

"ஏறட்டும். எறக்குற வழி லுவர்னுக்குத் தெரியும்."

அவர் போனை எடுத்தார். யாரும் நகரவில்லை. ஆவி மெல்ல அடங்கியது. இத்தனை நாள் குரலாக மட்டும் இருந்தவர்கள் முகமாகத் தெரிந்தார்கள். தைத்த பைகளுக்கு நடுவே திறந்த பை ஒன்றே ஒன்று. லுவர்ன் அதில் கைவிட்டு இன்ஹேலரை எடுத்தாள். நிதானமாக ஓர் இழுப்பு இழுத்தாள். இயந்திரம் ஓய்ந்த கூடத்தில் அந்த மூச்சு கடைசி வரிசை வரை கேட்டது.