புத்தகம் முடிவதற்குள்

கோடை முடிகிற சமயத்தில் ஒரு காலை, அச்சுக்காரர் வீட்டுக் கூரை தங்கமாகி, அவர் மனைவி அவருடைய முழங்கால் உயரத்துக்குக் குறுகிப்போனாள். வாசலைத் தாண்டியதும் பழைய உயரம் திரும்பிவிட்டதால், பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. அதை மறைக்க, அச்சகத்தில் நிறம் தள்ளி விழுந்து கழித்துப்போட்ட தாள்களை ஒட்டி, மேலே வெள்ளையடித்திருந்தார் அச்சுக்காரர். ஐரோப்பிய ஓவிய வரலாறு பற்றிய தடிப் புத்தகம் ஒன்றின் தாள்கள் அவை. வேறு யாராக இருந்தாலும் கைக்கு வந்தபடி ஒட்டியிருப்பார்கள். இவரோ தொழில் புத்தி விடாமல், பக்க எண் பார்த்து முதல் பக்கத்திலிருந்து வரிசையாக ஒட்டினார். வெள்ளைக்குள் மறையப்போகிற தாளுக்கு எதற்கு வரிசை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீடும் அந்த வரிசையிலேயே நடக்க ஆரம்பித்தது.

முதல் அத்தியாயத்து ஓவியர்களுக்குக் கிட்டம் தூரம் என்ற கவலை கிடையாது. தங்கப் பின்னணியில், யாருக்கு மதிப்போ அவரைப் பெரிதாக வரைந்தார்கள். ஆகவே அச்சுக்காரர் தலை கூரையில் இடித்தது. வீட்டுச் சொந்தக்காரர் வந்தபோது அவரைவிட உயரமாகி, குனிந்துதான் நின்றார். மனைவி மட்டும் நாற்காலிக் காலருகே நின்று அண்ணாந்து பார்த்தாள். "இந்த வீட்டுல எப்பவுமே என் உசரம் இதுதான். இன்னிக்குத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது" என்றாள். புத்தகம் முடிகிறவரை இருப்பேன், அதற்குள் ஒரு தடவையாவது என்னைச் சரியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியையும் கட்டி வைத்தாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை.

மழைக்காலத்தில் மறுமலர்ச்சி அத்தியாயம் வந்தது. தரை, கூரை, அலமாரி எல்லாக் கோடுகளும் ஜன்னலிலிருந்த ஒரே புள்ளியை நோக்கி ஓட, வீட்டுக்கு ஆழம் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து தேநீர் கூடத்துக்கு வருவதற்குள் ஆறிப்போனது. மனைவி தூரத்தில் மிகத் தெளிவாக, மிகச் சின்னதாகத் தெரிந்தாள். அடுத்து பரோக். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழ, மற்றதெல்லாம் கும்மிருட்டு. உப்பு கேட்டால்கூட கொலைச் செய்தி சொல்வதுபோல் இருந்தது. மறு வருஷம் இம்ப்ரெஷனிசத்தில் பொருள்களின் ஓரங்கள் கரைந்தன. கிட்டே போனால் வெறும் வண்ணத் தீற்றல், தள்ளி நின்றால்தான் உருவம். மனைவியைப் பார்க்க அச்சுக்காரர் தெருவில் இறங்கி நின்றார். பார்த்தவரை அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அது அவள்மேல் விழுந்த வெயிலின் அழகு. அவளைப் பற்றி அதில் ஒன்றும் தெரியவில்லை.

கியூபிசம் வந்தபோதுதான் அவர் ஆடிப்போனார். அவளுடைய முன்முகம், இரண்டு பக்கவாட்டு முகங்கள், பிடரி எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. அவர் பேசும்போது முன்முகம் கேட்டுக்கொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிய முகமோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"காதுக்குப் பின்னால என்ன தழும்பு? எப்ப அடிபட்டுச்சு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளோ பெட்டியை அவிழ்க்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் உருவம் என்பதே ஒழிந்தது. வீடு முழுக்க வண்ணத் திட்டுகள், கட்டங்கள், பட்டைகள். புத்தகம் முடிந்த செய்தி கேட்டு அக்கா வந்து, உள்ளே நுழைந்ததும் தங்கையைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அக்கா பெரிய மஞ்சள் கட்டத்தின் கையைப் பிடித்து இழுத்தாள், அது ஃபிரிட்ஜ்.

"எங்கே தம்பி இவ?"

"இருங்கக்கா, பார்க்கிறேன்" என்றார் அச்சுக்காரர். இன்னொரு தடவையும் ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு நேராக ஜன்னலோரம் போய், ஒல்லியான ஒரு சிவப்புப் பட்டைக்கு முன்னால் நின்றார். "இதான் அவ."

"எப்படித் தெரியும்?" என்றது சிவப்பு.

"நான் வாயைத் திறந்தா இது மட்டும் ஒரு விரல் அளவு சுவர்ப் பக்கம் நகருது."

"இனிமே நான் வாயை மூடிக்கிறேன்" என்றார் அவர். "நீ பேசு."

அவள் பேசினாள். முதலில் தயங்கி, பிறகு கோபமாக, பிறகு சிரித்துக்கொண்டுகூட. அச்சுக்காரர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பொழுது சாய்கிறவரை காத்திருந்த அக்கா, தங்கைக்கு இன்னும் பேச நிறைய இருப்பதைப் பார்த்து, வெறுங்கையோடு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

புத்தகத்தில் வேறு அத்தியாயம் இல்லாததால் வீடு அப்படியே நின்றுவிட்டது. மீட்டர் பார்க்க வருபவர் தடவிப் பார்த்து எண் குறித்துக்கொள்கிறார். கூரியர்காரருக்கும் பழகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடத்து நடுவில் இருக்கும் அகலமான சிவப்பிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்.