பேட்டரியில் கொஞ்சம் இடம்

மலை உச்சியில் டிப்போ கட்டிய மகானைக்கூட மன்னித்துவிடலாம். அங்கிருந்து கீழே இறங்குகிற மின்சார பஸ்ஸுக்கு நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்த மேனேஜரை என்ன சொல்ல!

இறக்கத்தில் பெடலிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்போது உண்டாகிற மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். பேட்டரியில் இடமே இல்லையென்றால் மோட்டார் கையை விரித்துவிடும். அப்புறம் பிரேக்தான் கதி. நேற்று பள்ளிப் பிள்ளைகளோடு இறங்கும்போது பிரேக் கருகி, மிதித்த கால் அடிவரை போனது. ஓட்டிய டிரைவர் அக்கா எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினாள். போய்ச் சொன்னால், "பயந்தா வேலைக்கு ஆகுமாம்மா?" என்று சிரித்தார் மேனேஜர்.

இன்று காலை அவள் ஏசியை முழுசாக வைத்து, காலி பஸ்ஸை டிப்போவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினாள். வாசலில் பிள்ளைகள் காத்து நின்றார்கள். மேனேஜர் குறுக்கே ஓடிவந்தார்.

"என்னம்மா, செக்கு ஓட்டுறியா?"

"பேட்டரில கொஞ்சம் எடம் பண்றேன் சார்."

"எறங்கு கீழே!"

சாவியைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற அவள் தம்பியிடம் கொடுத்தார். அவனும் அங்கே டிரைவர்தான். இந்த மாதம் வேலை நிரந்தரமாகிற நேரம். அவன் அக்கா முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான். பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறியதும் அவளும் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எதுக்குக்கா? எறங்கு."

"நேத்து பிரேக் பிடிக்கலடா. இத்தனை பிள்ளைங்களையும் உன்னையும் அனுப்பிட்டு, நான் இங்க உக்காந்து டீ குடிக்கவா?"

தம்பி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். ஒரு பொடிசு தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. அவன் இறங்கிப் போய் மேனேஜரிடம் சாவியை நீட்டினான்.

"நீங்களும் பஸ் ஓட்டுனவருதானே சார். இன்னைக்கு மட்டும் நீங்களே கொண்டுபோங்க."

மேனேஜர் சாவியைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே செங்குத்தாக இறங்கும் முதல் வளைவைப் பார்த்தார். பாக்கெட்டில் விட்ட கை வெளியே வரவில்லை.

கடைசியில் பஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு சார்ஜ் இருந்தா நீங்க எடுப்பீங்க?"