நடுவில் ஊற்றிய மருந்து

1

இந்தக் கதை என் சிந்தையில் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து மதிற்சுவர் ஏறிக் குதித்து வந்தது. வரும்போதே கோபத்தோடு வந்தது. ஆகவே நிதானமான தொடக்கம் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

முதல் முயற்சி: “வெட்டுண்ட மரங்களெல்லாம் வீழ்ந்துவிடுவதில்லை, அவ்வாறே ஆதிக்கமும்…”

(நிறுத்திவிட்டேன். மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் குடியிருக்க ஓர் அறை கிடைக்காது.)

2

அவள் தையற்காரி, கணவன் அடிக்கக் கை ஓங்கியபோது அவனை விட்டு வந்தவள். அண்ணன் வீட்டுக் கூடத்து மூலையில் அவளது தையல் எந்திரம் இருக்கிறது. விருந்தினர் வந்தால் பாதித் தையலில் மூடிவிட்டு எழ வேண்டும். பின்தோட்டத்தைத் தந்தை அவள் பேரில் எழுதிவைத்தார். அங்கே ஓர் அறை கட்டிக்கொள்வது அவள் ஆசை.

(திருத்தம்: ஆசை அன்று, உரிமை.)

அந்த இடத்தின் நடுவே, வெட்டிய பின்னும் துளிர்க்கும் ஓர் அடிமரக்கட்டை.

“நான் என்ன வேணாம்னா சொன்னேன்?” என்பான் அண்ணன். “கட்டை உயிரோட இருக்கறப்ப சுவர் எழுப்பினா வேர் பொளந்துடும்மா. மொதல்ல அது சாகட்டும்.”

கோடைதோறும் அவனே கட்டையின் நடுவில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றுவான். மழைதோறும் அது தழைக்கும்.

3

அண்ணனை எழுதுவதில்தான் இடறுகிறேன். கொடியவனாக எழுதினால் பொய்யாகிறது. தங்கைக்குக் காய்ச்சலென்றால் மருத்துவரிடம் ஓடுகிறவன் அவன். கொடியவன் செய்தால் அநீதி என்கிறோம். நல்லவன் செய்தால் ‘குடும்ப நன்மை’ என்று பெயர் சூட்டிக் கும்பிடுகிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன்: அவன் பூச்சிமருந்துக் கடைக்காரன்.

4

நேற்று அவள் கத்தரிக்கோலால் கட்டையின் பட்டையைச் சுரண்டினாள்.

“இங்க பாருண்ணா. நடுவுல எப்பவோ செத்துப்போச்சு. பட்டைக்கு அடியில, ஓரத்துலதான் பச்சை இருக்கு. செத்த எடத்துக்கே திரும்பத் திரும்ப மருந்து ஊத்தியிருக்கே.”

“அப்படியா? எனக்குத் தெரியாதேம்மா.”

“ஓரத்துல ஓட்டை போடுங்க, வெட்டின ஈரம் காயறதுக்குள்ள ஊத்துங்கன்னு கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சொல்றியே. சோறு கொண்டுவந்தப்ப என் காதாலயே கேட்டேன்.”

அவன் குரல் தாழ்ந்தது. “தனியா ஒரு பொம்பள இருந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க?”

“அந்த நாலு பேரையும் துணி எடுத்துட்டு வரச் சொல்லு. அளவெடுத்துத் தச்சு அனுப்பறேன்.”

[அடிக்குறிப்பாக வைக்க எண்ணியது: வேரில் வெந்நீர் ஊற்றுகிறவனை நாம் அறிவோம். வேரைத் தொடாத இடமாகத் தேடி ஊற்றிவிட்டு, “நானும் ஊற்றினேனே” என்று கை கழுவுகிறவனை அறிவோமா? எத்தனை சீர்திருத்தங்கள் இப்படி நடுவில் ஊற்றப்பட்டு…]

5

முடிவு ஒன்று: அண்ணன் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறான். (அடித்துவிட்டேன். கண்ணீரில் சுவர் எழும்பாது.)

முடிவு இரண்டு: அவள் பெட்டியோடு வெளியேறுகிறாள். (தன் மண்ணை விட்டு அவள் எதற்குப் போக வேண்டும்?)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். இன்று காலை, வேறு கடையில் வாங்கிய மருந்தும் இரவல் டிரில் மெஷினுமாக அவள் தோட்டத்தில் இறங்கினாள். கட்டையின் மேற்புறத்தை ரம்பத்தால் புதிதாக அறுத்தாள். மெஷினின் மின்கம்பியைச் சமையலறைச் சன்னல் வழியே அண்ணனிடம் நீட்டினாள்.

“கரண்ட் இல்லம்மா” என்றான் அவன். அவன் தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். கம்பியைச் சுருட்டி மதிலுக்கு மேலாக என்னிடம் எறிந்தாள். “கொஞ்சம் சொருகுங்க சார். ஈரம் காயுது.”

“அடுத்த வீட்டு விவகாரம் உங்களுக்கு எதுக்கு சார்?” என்றான் அண்ணன்.

செருகிவிட்டேன். சுவிட்சை இன்னும் போடவில்லை. அவள் மெஷினின் முனையைக் கட்டையின் ஓரத்தில், பச்சையின்மேல் ஊன்றி நிற்கிறாள். இதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

வாசகரே, நீங்களும் அடுத்த வீடுதான். சுவிட்சு உங்கள் பக்கச் சுவரில் இருக்கிறது.