கரிக்காரியின் கரண்டி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவளே, நீயும் வா, உனக்கும் இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். அடிதடிக் கதை. பல் உடையும், ரத்தம் வரும், தலைக்கு மேல் சம்மட்டி ஓங்கும். பயமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் போனால் பயம் மட்டும்தான் உங்களோடு வீட்டுக்கு வரும்.

ஒரு பட்டறைத் தெரு இருந்தது. இரண்டு பக்கமும் இரும்படிக்கிறவர்கள். லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டை அடிப்பார்கள், கேட்டுக்குக் கீல் செய்வார்கள், மழுங்கிய கடப்பாரைக்கு முனை வைப்பார்கள். அந்தத் தெருக் குழந்தைகள் சம்மட்டிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கும். சத்தம் நின்றால்தான் வீல் என்று அலறிக்கொண்டு எழும்.

அங்கே வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டும். பழுத்த இரும்பைக் குறட்டால் பிடித்து, அடைகல் என்கிற இரும்புத் திண்டின் மேல் வைத்திருப்பவர் மேஸ்திரி. அவருடைய இன்னொரு கையில் சின்னச் சுத்தியல். எதிரே நிற்கிறவன் கையில் சம்மட்டி. அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? அதனால் மேஸ்திரி இரும்பில் தட்டினால் ‘இங்கே அடி’. இரும்பை விட்டுவிட்டு வெறும் அடைகல்லில் டிங் டிங் என்று தட்டினால் ‘நிறுத்து’. அந்தச் சத்தம் கேட்டதும் ஓங்கிய சம்மட்டி ஓங்கிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் மேஸ்திரியின் கை கூழாகிவிடும்.

அந்தத் தெருவில் பேர்பெற்ற சம்மட்டிக்காரர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவரைப் பெரியசம்மட்டி என்பார்கள், இளையவனைச் சின்னசம்மட்டி என்பார்கள். சொல்லிக் கொடுத்தவர் அவர்களுடைய அப்பா. டிங் டிங் கேட்ட பிறகும் அடி விழுந்தால் கிழவர் ஒன்றும் பேசமாட்டார். சூட்டோடு குறட்டைத் திருப்பி மகன் முதுகில் வைப்பார். இரண்டு பேர் முதுகும் கட்டம் போட்ட துணி மாதிரி இருக்கும். அந்தப் பாடம் மூளையில் ஏறியதோ இல்லையோ, கையில் ஏறிவிட்டது.

நம் கதைக்காரி சின்னசம்மட்டியின் பெண்சாதி. பட்டறையில் துருத்தி ஊதுகிறவள், அதனால் துருத்திக்காரி. ஒல்லியான உடம்பு, ஆனால் தோள் இரண்டும் கல்.

ஒரு வருஷத்தில் செத்தவர்களை எல்லாம் சேர்த்து ஒரு நாள் நினைத்துப் பார்ப்பது அந்தத் தெருக்காரர்களின் பழக்கம். பெரியசம்மட்டியின் பட்டறையில் உலையை அணைத்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடுவார்கள். செத்தவர் கைபட்ட சாமான் ஒன்றை அடைகல்லின் மேல் வைப்பார்கள். வாய் இருக்கிறவர்கள் எழுந்து நாலு வார்த்தை பேசுவார்கள்.

அந்த வருஷம் மூன்று சாவு. அடைகல்லின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கரண்டி, ஒரு சம்மட்டி.

மூக்குக்கண்ணாடி துளைக்காரருடையது. இரும்பில் ஓட்டை போடுகிறவர். அவர் வீட்டம்மா எழுந்து, “என்னத்தச் சொல்ல? மெஷின் சத்தத்துலயே இருந்த மனுஷன். மெஷின் ஓடினா கூடவே குறட்டை விட்டுத் தூங்குவாரு. கரண்ட் போனா குறட்டையும் நின்னுடும். கடைசியில நிஜமாவே நின்னப்ப, கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சு நான் பாட்டுக்கு விசிறிக்கிட்டு இருந்தேன்,” என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

அடுத்தது கரண்டி. கரி அள்ளும் இரும்புக் கரண்டி, கரிக்காரியுடையது. பட்டறைகளுக்கெல்லாம் அவள்தான் கரி போட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. யார் எழுந்து பேசுவது?

“அவ வாயி, போட்ட கரியை விடக் கறுப்பு,” என்றான் ஒருவன் உட்கார்ந்தபடியே.

“ஈரக் கரியைத் தலையில கட்டிட்டுப் போயிடுவா,” என்றான் இன்னொருவன். “கேட்டா, ‘உன் மூஞ்சி பட்டு நனைஞ்சிருக்கும்’பா.”

எல்லோரும் சிரித்தார்கள். கரிக்காரியின் நினைவு அவ்வளவோடு முடிந்தது.

துருத்திக்காரி சிரிக்கவில்லை. அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கண்ணுகளா, சின்னசம்மட்டி தெருவில் தங்கம். யார் கூப்பிட்டாலும் ஓடுவான். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நல்ல குணத்தையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். குழம்பில் உப்புக் குறைந்தால் அடி, கூடினால் அடி, சரியாக இருந்தால் ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று அடி. மண்டையைச் சுவரில் மோதுவான். ஒருமுறை உள்ளங்கையால் வாயில் அறைந்ததில் இரண்டு முன்பல் வயிற்றுக்குள் போய்விட்டன. மகள் குறுக்கே விழுந்தால் மகளையும் காலால் எத்துவான்.

அடுத்த வீடு கரிக்காரியுடையது. நடுவில் ஒற்றைச் சுவர். முதலில் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வண்டி வண்டியாகத் திட்டினாள். இந்தப் பக்கம் அடி கூடியது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்தாள். அவளையும் பிடித்துத் தள்ளினான். மணிக்கட்டு உடைந்தது. “கரிக் குவியல்ல வழுக்கி விழுந்துட்டேன், கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு கரி அளந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம். துருத்திக்காரி தரையில் கிடந்தாள். முடி அவன் இடது கையில். வலது கை ஓங்கியிருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ‘டிங் டிங்’.

ஓங்கிய கை நின்றுவிட்டது.

நிறுத்த வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. கை தானாக நின்றது. ‘இது யார் கை’ என்பது போல அண்ணாந்து தன் கையையே பார்த்தான். குழம்பிப் போய் முடியை விட்டுவிட்டு, வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே வெளியே போய்விட்டான்.

கரிக்காரி எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இருந்தாள். கரண்டியால் அதைத் தட்டினால் அடைகல் சத்தம் அப்படியே வரும். அன்றிலிருந்து முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் டிங் டிங். வருஷக்கணக்காக. அது எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது; இரும்புத் தெருவில் இரும்புச் சத்தத்தை யார் தேடுவார்கள்? துருத்திக்காரி ஒருநாள் நன்றி சொல்லப் போனாள். “என்ன நன்றி? கரண்டியில ஒட்டின கரியைத் தட்டினேன். போடி, போய் வேலையப் பாரு,” என்று விரட்டிவிட்டாள் கரிக்காரி.

அவள் கரிக் குவியலின் மேலேயே மாரடைத்துச் செத்தாள். அந்த வாரமே சின்னசம்மட்டி கை ஓங்கினான். துருத்திக்காரி பழக்கத்தில் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. அன்றைக்கு இடது காது போயிற்று. காதிலிருந்து வழிந்த ரத்தம் தோள்வரை வந்து காய்ந்தது. அதற்குப் பிறகு அடிக்கு அளவே இல்லை. ஒரு காலையில் லாரியின் வில்பட்டை ஒன்று பிடியை விட்டுத் தெறித்து அவன் நெஞ்சைப் பிளந்தது, அதோடு நின்றது.

இப்போது அவனுக்காகப் பேசப் பெரியசம்மட்டி எழுந்தார். துருத்திக்காரியின் இடது பக்கமாக வந்து நின்றுகொண்டு தம்பியைப் புகழ்ந்தார். நல்ல வேளை, அந்தக் காது கேட்காது. “பத்து அடி அடிக்க வேண்டிய இடத்துல ரெண்டே அடி அடிப்பான் என் தம்பி!” என்று அவர் கத்தியது மட்டும் வலது காதில் விழுந்தது. பட்டறையைத்தான் சொல்கிறார், வீட்டை இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. நடந்து வந்து, துருத்திக்காரியின் மகள் தலையில் கை வைத்தார்.

“தம்பி போயிட்டா பெரியப்பன் இல்லையா? இவளை என் மச்சினனுக்கே கட்டி வெக்கறதா முடிவு பண்ணிட்டேன். எல்லாரும் சாட்சி!”

மச்சினன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மூலையில் நெளிந்தான். அவனுடைய முதல் பெண்சாதி முறிந்த கையோடு பிறந்த வீட்டுக்கு ஓடியதைத் தெருவே பார்த்திருந்தது. இப்போது தெரு கூரையைப் பார்த்தது. மகளின் விரல்கள் அம்மாவின் முந்தானையை இறுக்கிக்கொண்டன.

துருத்திக்காரி எழுந்தாள். புருஷனைப் பற்றிப் பேசப் போகிறாள், ஒரு பாட்டம் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“கரிக்காரியைப் பத்தி நான் இன்னும் பேசலையே,” என்றாள்.

“அது முடிஞ்சு போச்சு, உக்காரு,” என்றார் பெரியசம்மட்டி.

“உங்களுக்கு முடிஞ்சிருக்கும் அத்தான். அவ கரி போட்டா, நீங்க எரிச்சீங்க. எனக்கு உயிர் போட்டா.” வாயை இழுத்துப் பல் இல்லாத இடத்தைக் காட்டினாள். “இது உங்க தம்பி. இந்தக் காது உங்க தம்பி. கரிக்காரி கை உடைஞ்சதே, அதுவும் உங்க தம்பிதான். எம் பொண்ணை இன்னொரு...”

முடிக்க விடவில்லை. பெரியசம்மட்டியின் புறங்கை அவள் முகத்தில் விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் குபுக்கென்று வந்தது. கொண்டையைப் பிடித்து இழுத்து அடைகல்லின் அடியில் தள்ளினார். விலாவில் உதைத்தார், திரும்பவும் உதைத்தார். ஓடி வந்த மகளை ஒரே தள்ளு. பெண் கரித்தொட்டியில் போய் மோதி விழுந்தாள்.

“செத்தவனைப் பத்திப் பேசற வாயா அது? குடும்ப மானத்தைக் கப்பலேத்தறியா? இன்னிக்கு உன்னையும் அவன்கிட்டயே அனுப்பி வெக்கறேன்!”

அடைகல்லின் மேல் இருந்த தம்பியின் சம்மட்டியை எடுத்தார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. அத்தனை ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், தோள்கள் தூண் தூணாக. ஒருவன்கூட முன்னால் வரவில்லை. எல்லோருடைய கால்களும் பின்னால் போயின. சம்மட்டி மேலே போயிற்று. போகிற சம்மட்டியைத் துருத்திக்காரி கீழே கிடந்தபடி பார்த்தாள். கத்தினால் நிற்காது, அழுதால் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். கையை மேலே நீட்டித் துழாவினாள். கரண்டி தட்டுப்பட்டது.

வெறும் அடைகல்லில் தட்டினாள். டிங் டிங்.

சம்மட்டி உச்சியில் நின்றது.

பெரியசம்மட்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. அடிக்கத்தான் பார்க்கிறார்; கை இறங்கவில்லை. செத்துப்போன அப்பா சூட்டுக் குறட்டோடு முதுகுக்குப் பின்னால் நிற்பது போல முதுகு மட்டும் கூசிச் சுருங்கியது. தம்பி பார்த்தது மாதிரியே அண்ணாந்து தன் கையையே பார்த்தார்.

துருத்திக்காரி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“கரிக்காரி எங்க சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வருஷக்கணக்கா இப்படித் தட்டித்தான் உங்க தம்பி கையை நிறுத்தினா. இரும்பு சொன்னா நிக்கற கை, மனுஷி கத்தினா நிக்க மாட்டேங்குதே. அது ஏன்னு மட்டும் சொல்லுங்க அத்தான். நான் வாயை மூடிக்கறேன்.”

சம்மட்டி இன்னும் உச்சியிலேயே நின்றது. அவ்வளவு கனத்தை எத்தனை நேரம் தாங்க முடியும்? முழங்கை நடுங்கியது, பிடி நழுவியது, சம்மட்டி அவர் கால் பெருவிரலிலேயே இறங்கியது. அலறிக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கிவிட மச்சினன் ஓடி வந்தான். அவனைத் தடுத்தவள் யார் தெரியுமா? அவனுடைய சொந்த அக்கா, பெரியசம்மட்டியின் பெண்சாதி. அதுவரை சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள்.

புருஷனைத் தாண்டி வந்தாள். துருத்திக்காரியின் முன்னால் குந்தினாள். தன் முந்தானையாலேயே அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். அப்போது முந்தானை விலகிய இடத்தில், தோளுக்குக் கீழே, பழசும் புதுசுமாக நீலக் காயங்கள் தெரிந்தன. மறைத்துக்கொள்ளவில்லை.

“தங்கச்சி, அவன் என் தம்பிதான். நான் தூக்கி வளத்தவன்தான். சொல்றேன் கேளு, உம் பொண்ணைக் குடுக்காத.” பிறகு மெல்ல, “அந்தக் கரண்டியை எனக்குக் குடு. எங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல,” என்றாள்.

“கரண்டி எதுக்குக்கா? நீங்க எங்கூட வாங்க. கரிக்காரி வீடு காலியாத்தான் கெடக்கு,” என்றாள் துருத்திக்காரி.

பெரியசம்மட்டி தரையில் இருந்து, “எங்கடி கிளம்பற? என் கால் உடைஞ்சு கெடக்குது!” என்றார்.

“நான் எத்தனை தடவை உடைஞ்சு கெடந்தேன். நீங்க பட்டறைக்குக் கிளம்பிப் போகலையா?” என்றாள் அவள்.

கல்யாணப் பேச்சு அந்த இடத்திலேயே செத்தது. மச்சினன் புதுச் சட்டையோடு நழுவினான். தெருவின் ஆண்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் எழப் பார்த்தார்கள். அப்போது துளைக்காரர் வீட்டம்மா, உடைந்த கண்ணாடித் துண்டுகளை மடியில் பொறுக்கிப் போட்டபடியே, “எங்க போறீங்க? உக்காருங்க எல்லாரும். கரிக்காரியை மறுபடியும் மொதல்லேர்ந்து பேசணும்,” என்றாள்.

உட்கார்ந்தார்கள். ஈரக் கரி என்று சிரித்தானே, அவன்தான் முதலில் எழுந்தான். தொண்டையைக் கனைத்தான். அவன் அம்மா படுத்த படுக்கையாக இருந்த நாளில், தினமும் கரி போட வந்தவள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுப் போனாளாம். “வாரிவிடறப்பகூட என்னைத் திட்டிக்கிட்டேதான் வாரினா,” என்றான். அவனுக்குப் பிறகு ஒருத்தி எழுந்தாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. கரித்தொட்டியில் மோதிய இடுப்பைத் தேய்த்துக்கொண்டு மகள் அம்மாவின் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, கேட்காமல் போனதை எல்லாம் அந்தக் காதில் திரும்பச் சொன்னாள்.

இப்போதும் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு நடுச்சுவரில் ஒரு இரும்புத் துண்டு தொங்கும் என்கிறார்கள். ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் தட்டுவார்கள். அதற்கும் நிற்காவிட்டால், தட்டியவர்கள் கரண்டியோடு கதவுக்கே வந்துவிடுவார்களாம்.

கதை முடிந்தது, கண்ணுகளா. பக்கத்தில் இருக்கிறவர் கையை இனி விடலாம், விடாவிட்டாலும் நல்லதுதான். உங்கள் வீட்டில் ஓங்குகிற கை எல்லாம் பரண் மேல் பானை எடுக்க ஓங்குகிற கையாகவே இருக்கட்டும். உங்கள் பெண்கள் வாய்விட்டுச் சிரித்துப் பல் அத்தனையும் தெரியட்டும். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு நல்ல காது இருக்கட்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்கு நீங்களும் ஒரு காதாக இருந்து, நிறைந்து வாழுங்கள்.